எட்டுக்குத் திருப்பாத வளையம்

போன மாதம் நம் புகைப்படக்காரர்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்தவர்களில் நாலு பேர் கழுத்தில் பழைய லென்ஸைப் பார்த்தேன். கேமரா இப்போது வந்தது. லென்ஸ் உங்கள் அப்பாவுக்குப் பெண் பார்ப்பதற்கு முன்னால் வந்தது. இரண்டுக்கும் நடுவில் அடாப்டர் என்று ஓர் உலோக வளையத்தை மாட்டி முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும் என்பதில் உங்களுக்கு அத்தனை பெருமை. ஒருவர் என்னிடம் வந்து, “அங்கிள், இதுல எடுக்குற படத்துக்கு ஒரு ஜீவன் இருக்கு” என்றார். வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஜீவன் இருந்தது உண்மைதான். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருந்தது.

கேலி செய்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அந்த லென்ஸ்கள் மேல் ஆசைதான். ஆசை என்ன, கிறுக்கு என்றே சொல்லலாம். ஃபோகஸ் வளையம் திரும்பும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்த மெல்லிய இழுவை, இன்னொரு வளையம் ஒவ்வொரு எண்ணிலும் ‘டிக்’கென்று விழும் சத்தம், இதெல்லாம் புது லென்ஸில் கிடைப்பதில்லை. தொழிலை விட்டு வருடங்கள் ஆன பிறகும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் இடது கை விரல்கள் எதையோ திருப்பிக்கொண்டே இருக்கும். “அங்க ஆரு நிக்கா, இப்படி ஃபோகஸ் பண்றீங்க?” என்று வீட்டுக்காரி கேட்பாள்.

அந்த லென்ஸால் எனக்கு நேர்ந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. எழுதுவது அதைவிடச் சுலபம், எதிரே யாருடைய முகமும் இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அப்பாவும் நானும் இங்கேயே பிறந்தோம். பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. சுக்கு மண்டிக்கும் மிளகு மண்டிக்கும் நடுவில் இருந்ததால், என்னிடம் பாஸ்போர்ட் படம் எடுத்தவர்கள் பாதிப் பேர் தும்முவதற்கு முந்தைய முகத்தோடு வெளிநாடு போயிருக்கிறார்கள். கல்யாணங்களும் எடுத்தேன். ஆனால் மனசு வைத்துச் செய்த வேலை அது இல்லை. கப்பலில் வரும் சரக்கு உடைந்தோ நனைந்தோ போனால், அது எங்கே, யார் கையில் நேர்ந்தது என்று ஆராய்ந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர்கள் உண்டு. அவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன் நான். உடைந்ததும் நனைந்ததும்தான் என் மாடல்கள். சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, தலை வாரச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் மட்டாஞ்சேரி படகுத்துறையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் துறைமுகம் இருக்கும் வெலிங்டன் தீவு. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டு படகு முக்கி முனகும். எனக்கு அவசரமே இருந்ததில்லை. பையில் இரண்டு லென்ஸ், ஒரு துணி, வீட்டில் கட்டிக் கொடுத்த சோறு. தீவில் இறங்கினால் கிடங்கு வாசலில் தெரிந்த முகங்கள், ஒரு சாயா, அப்புறம் வேலை. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது. எத்தனையோ பேரின் கல்யாண ஆல்பத்தில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆனால் நான் ஒரு ஆளாக உணர்ந்தது அந்தக் கிடங்குகளில்தான். “போட்டோக்காரர் வந்தாச்சு, இனி பெட்டியத் தொடலாம்” என்பார்கள். நான் படம் எடுக்கும்வரை ஒருவரும் சரக்கைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம்.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது கேமராவை மட்டும் மாற்றினேன். லென்ஸை மாற்ற மனம் வரவில்லை. ஆரம்பத்தில் புதுக் கேமரா கிடங்கில் பத்துப் பேர் முன்னால் என் மானத்தை வாங்கியது. பொத்தானை அழுத்துகிறேன், ‘லென்ஸ் இல்லை’ என்று எழுதிக் காட்டுகிறது. கண் முன்னால் அரைக் கிலோ லென்ஸ் தொங்குகிறது, அதற்குத் தெரியவில்லை. லென்ஸ் இல்லாமலும் படம் எடு என்று மெனுவுக்குள் போய் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்களுக்கு இதெல்லாம் தெரியும். நீங்கள் யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

யூடியூபில் சொல்லாத ஒன்று இருக்கிறது. பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் போட்டு மிக மோசமாகத் தவறு செய்யக்கூடியவர்கள் புதியவர்கள் இல்லை. அந்த லென்ஸிலேயே ஊறியவர்கள்தான். ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததே, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் புரியும். லென்ஸின் துவாரத்துக்கென்று ஒரு வளையம் உண்டு. இரண்டு என்ற எண்ணில் வைத்தால் துவாரம் அகலத் திறக்கும். ஃபோகஸ் செய்த இடம் மட்டும் துல்லியமாக நிற்கும், முன்னும் பின்னும் கரைந்துபோகும். நீங்கள் உயிரை விடுவது அந்தக் கரைசலுக்குத்தான். எட்டில் வைத்தால் துவாரம் சிறுத்து, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெளியும். சர்வே வேலைக்கு எப்போதும் எட்டுதான். ஃபிலிம் கேமராவில் வளையத்தை எட்டில் வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். நாம் பார்க்கும்போது துவாரம் முழுக்கத் திறந்தே இருக்கும், பொத்தானை அழுத்தும் நொடியில் கேமராவே அதை எட்டுக்குச் சுருக்கிக்கொள்ளும். அடாப்டர் போட்டால் அந்தச் சேவகம் நின்றுவிடுகிறது. நாமேதான் இரண்டில் திறந்து ஃபோகஸ் செய்ய வேண்டும், நாமேதான் எட்டுக்குத் திருப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் அழுத்த வேண்டும். அந்த நடுக் காரியம் முப்பது வருடம் என் கை செய்தறியாத காரியம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்று களமசேரியில் ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டிய இயந்திரம் கண்டெய்னரில் வந்திருந்தது. நீளமான ஒரே மரப்பெட்டி. அடியில் தடித்த மரக்கட்டைகள், அவற்றின் மேல்தான் பெட்டி நிற்கும். கண்டெய்னர் கதவைத் திறந்ததும் நான் வாசல் மூலையில் நின்று எடுத்தேன். முன்பக்கத்தில் பெட்டியின் நம்பர் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. அதன் பக்கவாட்டு உள்ளே இருட்டு வரைக்கும் ஓடியது. நம்பரும் தெரிய வேண்டும், பெட்டி முழுவதும் தெரிய வேண்டும். ‘தொடுவதற்கு முன்’ என்று எடுக்கும் இந்தப் படம்தான் ஒரு சர்வேயின் உயிர்.

முதல் படம் எடுக்கும் நேரத்தில் பின்னாலிருந்து, “அண்ணாச்சி, சாயா ஆறுது” என்று குரல் வந்தது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் செல்லத்துரை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நாலைந்து வருடமாகத் தீவில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். மட்டாஞ்சேரியில் என் ஸ்டுடியோவுக்கு இரண்டு சந்து தள்ளி வாடகைக்கு இருந்தார். நல்ல கைகாரர், கண்ணாடிச் சாமான் பெட்டியைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார். அவர் கூப்பிட்டதில் என் விரல் ஃபோகஸ் வளையத்தை இடித்துவிட்டது. ஃபோகஸ் உள்பக்கம் ஓடி, அப்படியே படமும் விழுந்துவிட்டது. திரையில் பார்த்தேன். நம்பர் கலங்கியிருந்தது. நம்பர் படிக்க முடியாத படம் எதற்கு? அங்கேயே அழித்தேன்.

இரண்டாவது படத்துக்கு நிதானமாக நின்றேன். உள்ளே இருட்டு, எனவே முதல் படத்துக்குப் போலவே துவார வளையம் இரண்டில் திறந்திருந்தது. நம்பரின் விளிம்பு கத்திபோல் வரும்வரை ஃபோகஸைத் திருப்பினேன். அழுத்தினேன். திரையில் பார்த்தேன். நம்பர் பளிச்சென்று இருந்தது. வெளிச்சமும் சரியாக இருந்தது, அதைத்தான் கேமராவே சரிசெய்துகொள்கிறதே. தீப்பெட்டி அளவுத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். திருப்தியாகப் போய்ச் சாயா குடித்தேன்.

செல்லத்துரை கண்டெய்னருக்குள் போய்ப் பெட்டி நகராமல் இருக்க அடித்திருந்த ஆப்புகளைப் பிடுங்கிவிட்டு வந்தார். வந்தவர் வாசலில் நின்ற சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் கையை ஆட்டி, எடு என்றார். ஃபோர்க்லிஃப்ட்டின் இரண்டு இரும்புக் கரங்களையும் பெட்டிக்கு அடியில் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார் செல்லத்துரை. எடை முழுவதும் பின்னால் போயிற்று. உள்ளே மடார் என்று ஒரு சத்தம். பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கண்டெய்னர் சுவரில் மோதி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் பின்பக்க அடிக்கட்டை இரண்டாக முறிந்து, இயந்திரத்தின் ஒரு கை வளைந்துபோயிருந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் கிடங்கில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து கேட்ட கேள்வி ஒன்றுதான். கட்டை முன்பே உடைந்திருந்ததா, இப்போது உடைந்ததா? முன்பே என்றால் கடலிலோ ஏற்றிய இடத்திலோ நடந்தது. இப்போது என்றால் செல்லத்துரை உடைத்தது.

“ஆப்பு பிடுங்கப் போனப்பவே பின்கட்ட வெள்ளையா பொளந்து கெடந்துது. நான் சொன்னேன்லா?” என்றார் செல்லத்துரை.

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலை” என்றார் சூப்பர்வைசர்.

காண்ட்ராக்டரின் மேனேஜர் என்னிடம் வந்து ‘முன்’ படத்தைக் கேட்டார். போனுக்கு அனுப்பினேன். அவர் போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். “கண்டோ? கட்டை முழுசா இருக்கு. ஒரு கொழப்பமும் இல்ல. வெடுக்குன்னு வெட்டிச்சுத் தூக்கினா ஒடையாம என்ன செய்யும்?” போன் திரையில் பின்கட்டை ஒரு கறுப்புக் கோடாக, முழுசாகத்தான் தெரிந்தது. நாளைக்குக் காலையில் சர்வேயர் வந்து விசாரிப்பார், அதுவரை செல்லத்துரை வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். தப்பு அவர் மேல் என்று எழுதிவிட்டால் வேலை அன்றோடு போகும். தீவில் வேறு எந்தக் காண்ட்ராக்டரும் சேர்க்கமாட்டார். அவருடைய மகள் இங்கே பள்ளியில் மலையாளத்தில் படித்துக்கொண்டிருந்தாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஊருக்குத் திரும்புவது என்பது அவர்களுக்கு லேசான காரியமில்லை.

உடைந்ததையெல்லாம் நிறைய எடுத்து முடித்துவிட்டு, மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வழக்கம்போல் கார்டைச் சுத்தமாக அழித்து அடுத்த வேலைக்குத் தயாராக வைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ‘முன்’ படத்தைப் பெரிய திரையில் முழு அளவில் திறந்தேன். நம்பர் கத்திபோல் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். இரண்டு முழம் போனதும் மரத்தின் ரேகை மறைந்தது. இன்னும் இரண்டு முழத்தில் ஆணிகள் மறைந்தன. பின்கட்டை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரில் கரைந்த மை மாதிரி ஒரு கறுப்பு. அதில் விரிசல் இருந்தாலும் தெரியாது, யானை நின்றாலும் தெரியாது.

பையிலிருந்து கேமராவை எடுத்து லென்ஸைப் பார்த்தேன். வளையம் இரண்டில் நின்றுகொண்டிருந்தது. எட்டுக்குத் திருப்பவே இல்லை. அன்று எடுத்த அத்தனை படமும் இரண்டில் எடுத்தவை.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த வளையத்தை எட்டுக்குத் திருப்பி வைத்தேன். எதற்கு? எனக்கே தெரியாது. புது லென்ஸாக இருந்தால், எந்த எண்ணில் எடுத்தோம் என்று கேமராவே படத்தோடு எழுதி வைத்துவிடும். பழைய லென்ஸுக்குக் கேமராவோடு பேச வாய் கிடையாது. எனவே நான் செய்த தவறுக்கு அந்த வளையம் ஒன்றுதான் சாட்சி, அதையும் திருப்பியாகிவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

அழித்த முதல் படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபோகஸ் உள்பக்கம் ஓடிய படம். நம்பர் கலங்கியது என்றால் பின்கட்டை தெளிந்திருக்கும். செல்லத்துரைக்கு வேண்டியிருந்த படம் அதுதான். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் சாயங்காலம்வரை முயன்றுவிட்டு, “சேட்டா, அதுக்கு மேல வேற படம் ஏறியாச்சு” என்று கையை விரித்தார். ஃபிலிமாக இருந்தால் அந்தக் கெட்டுப்போன சட்டகமும் நெகட்டிவில் கிடந்திருக்கும்.

சர்வேயர் போன் செய்தார். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், என்னைவிட இருபது வயது சின்னவர். தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன். கண்ணால் பார்த்ததை ஒரு வாக்கியத்திலும், ஊகித்ததை வேறு வாக்கியத்திலும் எழுதுவார். இரண்டையும் கலக்கவே மாட்டார். “சேட்டா, ‘முன்’ படம் சரியா வந்திருக்கோன்னோ?” என்று கேட்டார்.

“வந்திருக்கு மேடம்” என்றேன்.

வாய் தவறி வந்தது இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். இத்தனை வருடம் ‘போட்டோக்காரர் வந்தாச்சு’ என்று பேர் வாங்கிவிட்டு, ஒரு வளையத்தைத் திருப்ப மறந்தேன் என்று எப்படிச் சொல்வது? படத்தில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலைப் படகில் செல்லத்துரையும் இருந்தார். முகம் மழிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். “அண்ணாச்சி, படத்தைப் பெருசாக்கிப் பாத்தியளா? அந்தப் பொளப்பு தெரியுதா?” என்று மட்டும் கேட்டார்.

“அங்க போய்ப் பார்க்கலாம்” என்றேன். படகு போய்ச் சேரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கு அலுவலகத்தில் மேடம், மேனேஜர், சூப்பர்வைசர், நான். செல்லத்துரை கதவோரம் நின்றார். நான் அனுப்பியிருந்த படத்தை மேடம் பெரிய தாளில் அச்செடுத்து வந்திருந்தார். மேனேஜர் பேசி முடித்தார். சூப்பர்வைசர் பேசி முடித்தார். மேடம் செல்லத்துரையைக் கூப்பிட்டு, “நீங்க பார்த்தேன்னு சொல்ற விரிசல் எங்க இருந்தது? இதுல காட்டுங்கோ” என்றார்.

அவர் வந்து குனிந்தார். ஆள்காட்டி விரலைப் பெட்டியின் ஓரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். “இங்கனதான்... இல்ல, இன்னும் கொஞ்சம் உள்ள...” கண்ணைச் சுருக்கினார். தாளைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்தார். விரல் அந்தக் கலங்கலில் அங்கும் இங்கும் போய் வந்தது. பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், “ஒருவேள நான்தான் தப்பாப் பாத்துட்டனோ என்னமோ” என்றார்.

 வேலை போவதாவது ஒரு அநியாயம். அந்த மனுஷன் தன் கண்ணையே நம்பாமல் போனது என் படத்தால். என் படம் அவ்வளவு பெரிய அதிகாரி ஆகிவிட்டது அவருக்கு. நான் மறைத்ததை அவர் விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “சேட்டா, இந்தப் படத்துல பின்கட்டை முழுசா இருக்குன்னு நான் எழுதலாமா?”

“கூடாது மேடம்” என்றேன். “அந்த இடம் ஃபோகஸில் இல்லை. வளையத்தை எட்டுக்குத் திருப்ப மறந்துட்டேன். கட்டை உடஞ்சிருந்தாலும் இதில் தெரியாது, முழுசா இருந்தாலும் தெரியாது. நேத்து சரியா இருக்குன்னு நான் சொன்னது பொய்.”

மேனேஜர் எழுந்துவிட்டார். “இத்தனை காலம் படம் எடுக்கிற ஆளு மறந்துபோச்சுன்னு சொன்னா ஆர் விசுவசிக்கும்? தமிழன், நாட்டுக்காரன்னு காப்பாத்தப் பாக்கறீங்க!”

அதுவும் நியாயமான சந்தேகம்தான். நான் கேமராவை எடுத்து மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டையும் அதற்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டரையும் இரண்டில் ஒரு படம், எட்டில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். இரண்டில் காலண்டரின் தேதிகள் கரைந்திருந்தன. எட்டில் ஒவ்வொரு தேதியும் வாசிக்கக் கிடைத்தது. மேடம் இரண்டையும் பார்த்துவிட்டு, என் வாக்குமூலத்தை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். ‘தூக்குவதற்கு முன் அடிக்கட்டையின் நிலை என்ன என்பதற்கு ஆதாரம் இல்லை. புகைப்படம் ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதினார். அந்த ஆதாரம் இல்லாமல் செல்லத்துரை மேல் பழியைப் போட முடியவில்லை. வேலை தப்பியது.

வெளியே வந்தபோது மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மறந்ததுக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன், சேட்டா. மனுஷாளுக்கு மறக்கும். ஆனா நேத்து சாயங்காலமே சொல்லியிருக்கலாம். அந்த ஆள் ஒரு ராத்திரி தூங்கியிருப்பார்.” அதற்குப் பிறகு அவர் என்னை சர்வேக்குக் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன். தீவுக்குப் போகும் காலைகள் அதோடு நின்றன. அவற்றை நினைத்து இன்றைக்கும் ஏங்குகிறேன் என்பதை ஒளிப்பானேன்?

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. அழுத்துவதற்கு முன் வளையத்தைப் பாருங்கள். கெட்டுப்போன படம் என்று களத்தில் நின்றுகொண்டு எதையும் அழிக்காதீர்கள், எது கெட்டது என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. தவறினால் அன்றைக்கே வாயைத் திறங்கள். இதெல்லாம் மேடமிடம் கற்றவை. இன்னொன்றும் உண்டு, அதைச் செல்லத்துரைதான் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் சாயா வரவழைத்தேன்.

“வேல இருக்கு அண்ணாச்சி. நீங்க சொல்லாட்டி ஊருக்குப் பொட்டியக் கட்டியிருப்பேன்” என்றார். சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “ஆனா ஆதாரம் இல்லன்னுதான எழுதியிருக்காவ. நான் ஒடைக்கலன்னு எழுதல. பெரிய பெட்டி வந்தா இப்ப என்னையக் கூப்பிட மாட்டேங்காவ. கட்ட ஒடச்சவன்னு சிரிக்காவ” என்றார்.

அவரிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றும் இருக்கக்கூடாது என்று தோன்றியது. முதலில் எடுத்து அழித்த படத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் பின்கட்டை தெளிவாக விழுந்திருக்கும், நம்பர் தெரியவில்லை என்று நானே அழித்தேன் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

“படம் போனாப் போட்டும் அண்ணாச்சி” என்றார் செல்லத்துரை. “நீங்க அங்கனதான நின்னிய? கதவு தெறந்து கெடந்துது, பெட்டி முன்னால நின்னிய, ரெண்டு வாட்டி எடுத்திய. ஒங்க கண்ணால ஒரு தடவ உள்ள பாக்கலியா?”

“இல்ல, செல்லத்துரை” என்றேன். “நம்பர மட்டுந்தான் பாத்தேன்.”